சாம்பல் சிமென்ட்டில் தளம் போடலாமா, தோல் கசடைக் கலக்கலாமா?

கேள்வி இதுதான். குடியாத்தம் பக்கம் ஒருவர் 1000 சதுர அடியில் வீடு கட்டுகிறார், அடுத்த மாதம் தளம். கடைக்காரர் பி.பி.சி. சிமென்ட், அதாவது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த போர்ட்லண்ட் பொசோலானா சிமென்ட், அனுப்புவதாகச் சொல்கிறார். மேஸ்திரியோ, "அது சாம்பல் சிமிட்டி சார், தளத்துக்கு 53 கிரேடு ஓ.பி.சி.தான் போடணும், இல்லேன்னா ஒழுகும்" என்கிறார். ஓ.பி.சி. என்றால் சாம்பல் கலக்காத சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட். நடுவில் ராணிப்பேட்டையில் வேலை பார்க்கும் மைத்துனர் வேறொரு யோசனை சொல்லியிருக்கிறார்: அனல்மின் நிலையச் சாம்பலைக் கலக்கலாம் என்றால், தோல் கம்பெனிக் கசடையும் கலந்து கல் அறுக்கலாமே, மலை மலையாகச் சும்மாதானே கிடக்கிறது? இந்த மூன்று பேரில் யார் சொல்வதைக் கேட்பது?

கடைக்காரர் சொல்வது சரி. மேஸ்திரியின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் பழியைத் தப்பான ஆள் மேல் போடுகிறார். மைத்துனர் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். ஏன் என்று கேட்டால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தச் 'சாம்பல்' என்ற சொல்லே நம்மைக் குழப்பிவிடுகிறது. நமக்குச் சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல், பாத்திரம் தேய்க்க ஆகும். அதைச் சிமென்ட்டில் கலந்து மூட்டை போட்டு விற்கிறார்கள் என்றால் யாருக்கும் கலப்படம் என்றுதான் தோன்றும். பி.பி.சி.யில் இருப்பது அது இல்லை. அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை மாவாக அரைத்துக் கொதிகலனுக்குள் ஊதி எரிக்கிறார்கள். கரியோடு கலந்திருக்கும் களிமண்ணும் மற்ற தாதுக்களும் அந்தச் சூட்டில் உருகி, புகையோடு மேலே போகும்போதே சட்டென்று குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி உருண்டைகளாகிவிடுகின்றன. புகைபோக்கிக்குப் போவதற்கு முன்பே மின்னேற்றம் பெற்ற தகடுகள் அவற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தகட்டு இயந்திரங்களைத் தயாரிக்கும் ஆலைகளில் ஒன்று நம் ராணிப்பேட்டை பி.எச்.இ.எல். தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போகிறவர்களில் பலருக்கு, தங்கள் வீட்டுச் சிமென்ட்டுக்கும் அந்தத் தொழிற்சாலைக்கும் உறவு இருப்பது தெரியாது.

இந்தக் கண்ணாடி உருண்டை கான்கிரீட்டுக்குள் என்ன செய்கிறது? சிமென்ட்டில் தண்ணீர் பட்டதும் இரண்டு பொருள் உண்டாகிறது. ஒன்று, மணலையும் ஜல்லியையும் பிடித்துக்கொள்ளும் பசை. வலுவெல்லாம் அதில்தான். இன்னொன்று சுண்ணாம்பு. இறுகிய சிமென்ட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சுண்ணாம்புதான். வலுவுக்கு அதனால் பெரிய பிரயோசனம் இல்லை. தண்ணீர் ஊறினால் கரைந்து வெளியே வரும். பழைய தளத்தின் அடியில் விரிசல் ஓரமாக வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து, சில இடத்தில் சின்ன ஊசி போலத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். சாம்பலில் இருக்கும் கண்ணாடி சிலிக்கா இந்தச் சுண்ணாம்பைப் பிடித்து, மெதுவாக இன்னும் கொஞ்சம் பசையாக மாற்றுகிறது. அந்தப் பசை, முன்பு தண்ணீர் புகுந்து போய்க்கொண்டிருந்த நுண்துளைகளில் உட்கார்ந்துகொள்கிறது. நன்றாக முற்றிய சாம்பல் கான்கிரீட்டில் தண்ணீரும் உப்பும் உள்ளே போவது கடினம் என்பதற்குக் காரணம் இதுதான். ஒழுகும் என்று மேஸ்திரி சொன்னாரே, நியாயமாகப் பார்த்தால் ஒழுகக் கூடாதது இந்தத் தளம்தான்.

இதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புது வித்தை என்று நினைக்க வேண்டாம். பி.பி.சி.யில் வரும் பொசோலானா என்ற பெயர் இத்தாலியில் பொசுவோலி என்ற ஊரின் எரிமலைச் சாம்பலிலிருந்து வந்தது, சரி. ஆனால் நம் பக்கத்து மெத்தை வீடுகளில் சுண்ணாம்போடு செங்கல் தூளை, அதாவது சுர்க்கியை, இடித்துக் கலந்தார்களே, அதுவும் இதே வேலைதான். சுட்ட களிமண் தூள் சுண்ணாம்பைப் பிடித்து இறுகுகிறது. 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கலவையில் எழுந்தது. மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் தட்டுவதைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தளத்தை யாரும் மூன்றே நாளில் காயப் போடவில்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

சாம்பலின் வேலை மெதுவானது. 53 கிரேடு ஓ.பி.சி.க்கு இந்தியத் தரநிலை கேட்கும் குறைந்தபட்ச வலு மூன்றாம் நாள் 27 மெகாபாஸ்கல், ஏழாம் நாள் 37, இருபத்தெட்டாம் நாள் 53. பி.பி.சி.க்கு மூன்றாம் நாள் 16, ஏழாம் நாள் 22, இருபத்தெட்டாம் நாள் 33. இந்த எண்ணைப் பார்த்துத்தான் 'பி.பி.சி. வீக்' என்ற பேச்சு கிளம்பியது. 33 என்பது அதற்குக் கீழே போகக் கூடாது என்ற கோடு மட்டும்தான். அதோடு 28 நாளில் கதை முடிவதில்லை. அந்த வயதில் ஓ.பி.சி. பெரும்பாலும் தன் வேலையை முடித்திருக்கும், சாம்பல் அப்போதுதான் சூடு பிடிக்கும். மூன்று மாதம் கழித்து இரண்டையும் உடைத்துப் பார்த்தால் வித்தியாசம் பெரும்பாலும் மறைந்திருக்கும். வாலாஜா பக்கம் ஒரு மண்டப வேலையில் ஏழாம் நாள் க்யூப் (கான்கிரீட் கட்டியை உடைத்து வலு பார்க்கும் சோதனை) முடிவைப் பார்த்துவிட்டு உரிமையாளர் ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் போட்டு, "இடிச்சிடலாமா சார்?" என்று கேட்டார். இருபத்தெட்டாம் நாள் வரை பொறுக்கச் சொன்னேன். பொறுத்தார். அந்த மண்டபத்தில் இப்போது கல்யாணம் நடக்கிறது.

ஆனால் சாம்பல் வேலை செய்ய இரண்டு கூலி கேட்கும், தண்ணீரும் நாளும். நம் பக்கத்தில் இரண்டுமே தட்டுப்பாடு. மேஸ்திரியின் பயத்தில் பாதி நியாயம் என்று சொன்னது இதனால்தான். அவர் பார்த்த சாம்பல் சிமென்ட் தளங்கள் சில ஒழுகியிருக்கும், பொய் சொல்லவில்லை. எப்படி ஒழுகியது என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

திருவலம் பக்கம் ஒரு வீடு. சித்திரை மாதம், கத்திரி வெயில் நேரம். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்த கான்கிரீட் பதினொரு மணிக்கு முடிந்தது. மூட்டை பி.பி.சி., கம்பி கட்டு நன்றாக இருந்தது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குப் போனேன். தளத்தில் கால் வைக்க முடியவில்லை, செருப்பைத் தாண்டிச் சுடுகிறது. காலையில் ஹோஸ் பைப்பில் ஒரு சுற்று தண்ணீர் அடித்தார்களாம். எங்கும் வெளேரென்று காய்ந்து, குளம் வற்றிய சேறு வெடிப்பது போல ஜன்னலுக்கு நேர் மேலே வலை வலையாக முடி விரிசல். குனிந்து நகத்தால் சுரண்டினால் மாவு வருகிறது. மேஸ்திரி என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "சாம்பல் சிமிட்டி சார், நான் அப்பவே சொன்னேன்." தண்ணீர் நிறுத்தும் பாத்தி எங்கே என்று கேட்டேன். போர் தண்ணீர் வரவில்லை, டேங்கர் நாளைக்கு வரும் என்றார். அந்த ஒரு நாள்தான் போன நாள். மேலே உள்ள ஒரு அங்குலத்தில் சாம்பலுக்கு வேலை செய்யத் தண்ணீர் இல்லாமல் போய்விட்டது, அது இனி வெறும் தூசி. அதே இடத்தில் ஓ.பி.சி. போட்டிருந்தாலும் வெடித்திருக்கும், கொஞ்சம் குறைவாக. முதல் நாளிலேயே வலுவில் கொஞ்சம் சேர்த்துவிடுவதால் அந்தச் சிமென்ட் அலட்சியத்தைக் கொஞ்சம் தாங்கும். சாம்பல் தாங்காது.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்லும் கணக்கு இது: ஓ.பி.சி. என்றால் குறைந்தது 7 நாள் நீராட்டல் (க்யூரிங்), வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் 10 நாள். சாம்பலோ இரும்பாலைக் கசடோ கலந்த சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள், 14 வரை நீட்டுவது நல்லது. வேலூர் வெயிலுக்கு நான் 14-க்குக் குறைவாக யாருக்கும் சொல்வதில்லை. கான்கிரீட் போட்டு மேல்பரப்பு இறுகியதும், அன்று சாயங்காலமே ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள். மறுநாள் காலை சிமென்ட் மணல் கலவையில் இரண்டு அங்குல உயரத்துக்குச் சின்னச் சின்னப் பாத்தி கட்டி நீர் நிறுத்துங்கள். ஹோஸ் பைப்பில் காலையும் மாலையும் அடிப்பதற்குப் பெயர் நீராட்டல் இல்லை, தளத்துக்குக் குளியல். தூண்களை எல்லோரும் மறந்துவிடுவார்கள். சாக்கைச் சுற்றிக் கட்டி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், சாம்பல் சிமென்ட்டை விற்பவர்கள் இதைப் பேசுவதில்லை. கம்பியைத் துருவிலிருந்து காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மை. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தின்றுகொண்டே வரும். சாம்பல் ஏற்கெனவே சுண்ணாம்பைச் செலவழித்துவிடுவதால் தின்பதற்கு அங்கே கையிருப்பு குறைவு. நன்றாக நீராட்டிய கான்கிரீட்டில் துளைகள் அடைபட்டுப் போவதால் இது பெரிய விஷயம் இல்லை. நீராட்டாத கான்கிரீட்டில் காற்று ஓ.பி.சி.யைவிட வேகமாகக் கம்பியைத் தொட்டுவிடும். பழைய கட்டடங்களைச் சோதிக்கப் போகும்போது பினால்ஃப்தலின் கரைசல் ஒரு பாட்டில் எடுத்துப் போவேன். சன்ஷேடு ஓரத்தில் ஒரு துண்டை உடைத்து, புதிதாய் உடைந்த முகத்தில் தெளித்தால் காரம் உயிரோடு இருக்கும் இடம் பளிச்சென்று ரோஜா நிறமாகும். செத்த இடம் கான்கிரீட் நிறத்திலேயே கிடக்கும். நிறம் மாறாத பட்டை கம்பியைத் தாண்டி உள்ளே போயிருந்தால், அந்த வீட்டுக்காரரிடம் பேசுவது எனக்குக் கஷ்டமான வேலை. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். அதனால் கம்பிக்குக் கீழே கவர் பிளாக், அதாவது கம்பியை அச்சிலிருந்து தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை, வையுங்கள். தளத்துக்கு 20 மி.மீ.க்குக் குறையாமல், தூணுக்கு 40, அடித்தளத்துக்கு 50. ஜல்லித் துண்டை முட்டுக் கொடுக்கும் வழக்கம் இன்னும் நம் பக்கத்தில் போகவில்லை, அதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

53 கிரேடு எங்கே வேண்டும் என்றால், அவசரம் உள்ள இடத்தில். முன்வார்ப்பு ஸ்லாப் செய்பவர்கள், ஒரே நாளில் அச்சைக் கழற்ற வேண்டியவர்கள், பாலம் கட்டுகிறவர்கள். வீட்டுத் தளத்துக்கு அந்த அவசரம் இல்லை. அது வேகமாகச் சேர்வதால் சூடும் அதிகம் விடும். நம் ஊரில் வெளியே ஏற்கெனவே நாற்பது டிகிரி, உள்ளே இருந்தும் சூடு கிளம்பினால் விரிசலுக்கு விருந்து. கனமான அடித்தளத்தில் சாம்பல் சிமென்ட் இந்தச் சூட்டைக் குறைப்பது பெரிய உபகாரம். நீங்கள் 53-தான் வேண்டும் என்று நின்றால் மேஸ்திரிக்கு இன்னொரு வசதி இருக்கிறது, சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரித்து அடுத்த வீட்டுக்குக் கொண்டு போகலாம். பிழைப்பு அவருக்கு, குற்றம் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குப் பி.பி.சி. என்றால், தளத்தின் முட்டுகளை 14 நாளுக்கு முன்னால் எடுக்க விடாதீர்கள், உத்திரத்துக்கு 21. ஏழு நாளில் எடுக்கலாம் என்று புத்தகத்தில் இருப்பது நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கும் ஓ.பி.சி.க்கும்தான்.

மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். பி.பி.சி. என்றால் ஐ.எஸ். 1489 என்று போட்டிருக்கும், எத்தனை சதவீதம் சாம்பல் என்றும் அச்சிட்டிருப்பார்கள். 15-லிருந்து 35-க்குள் இருக்க வேண்டும். எந்த வாரம், எந்த வருடம் மூட்டை கட்டினார்கள் என்பதும் இருக்கும், மூன்று மாதத்துக்கு மேல் ஆனதை வாங்காதீர்கள். அதோடு ஒன்று: பி.பி.சி.யில் ஏற்கெனவே சாம்பல் இருக்கிறது. இனிமேல் நீங்களாக ஒரு பாண்டு சாம்பல் சேர்த்தால் அது கலப்படம்தான், மேஸ்திரியின் வார்த்தை அப்போது பலித்துவிடும். செங்கல் சூளைக்காரர் லாரியில் கொண்டுவரும் ஈரச் சாம்பல் குளத்தில் கொட்டி ஊறியது. அது கல் அறுக்க ஆகும், சிமென்ட்டுக்குப் பதில் ஆகாது. சிமென்ட்டில் போகும் சாம்பல் உலர்ந்தது, மிக நுண்ணியது. எரியாமல் மிஞ்சும் கரி அதில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கருப்பாகக் கலவைத் தண்ணீரில் மிதந்தால் கரி அதிகம் என்று பொருள். வல்லூர், வடசென்னை, மேட்டூர் நிலையங்களிலிருந்து வருவதெல்லாம் நிலக்கரிச் சாம்பல். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, அதன் சாம்பலில் சுண்ணாம்பு கூடுதல், குணமும் கொஞ்சம் வேறு. எதை எதோடு எத்தனை என்பதை ஆலையும் ரெடிமிக்ஸ் பிளான்டும் சோதித்துக் கலக்கட்டும். சட்டியில் கலக்கும் வேலை அது இல்லை.

சாம்பலைவிட எனக்குப் பிடித்தது இரும்பாலைக் கசடு. ஊதுலையில் இரும்பு உருகும்போது மேலே மிதக்கும் கழிவைத் தண்ணீரில் பாய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து மாவாக அரைத்தால் வெண்மையான தூள் கிடைக்கும். சேலத்திலும் பெல்லாரியிலும் இரும்பாலைகள் இருப்பதால் நம் பக்கத்துக்கு அது தூரம் இல்லை. அந்தக் கசடு கலந்த சிமென்ட் ஐ.எஸ். 455-ல் வரும், 25-லிருந்து 70 சதவீதம் வரை கலக்கலாம். உப்புக்கும் சல்ஃபேட்டுக்கும் நன்றாகத் தாங்கும். டீலரிடம் கிடைத்தால், வாணியம்பாடி, ஆம்பூர் போல நிலத்தடி நீர் உப்பாகிப் போன இடங்களில் அடித்தளத்துக்கு அதைத்தான் சொல்வேன்.

தண்ணீர் என்று வந்ததால் சொல்லிவிடுகிறேன், இது உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் இருந்திருக்க வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், 2019-க்கு முன் மூன்றும் ஒரே மாவட்டம், பாலாற்று ஓரம் பல இடத்தில் போர் தண்ணீரில் உப்பு. தோல் பதனிடத் தோலுக்கு உப்புத் தடவிக் கொண்டுவருவார்கள். அந்த உப்பு கழுவித்தான் எங்கோ போயிருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2000 வரை விடலாம், சல்ஃபேட் 400-க்குள். எந்தச் சிமென்ட் என்று ஒரு மாதம் யோசிப்பவர்கள், தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப யோசிப்பதில்லை. செலவு அதிகம் ஆகாது, அனுப்புங்கள். டேங்கர் தண்ணீர் என்றால் அதையும்.

இனி மைத்துனருக்கு.

அவர் கேட்பது முட்டாள்தனமான கேள்வி இல்லை. ஆலைக் கழிவுக்கு ஒரு போக்கிடம் வேண்டும் என்பதுதானே எல்லோர் ஆசையும். ஆனால் கழிவு என்பதால் சாம்பல் சிமென்ட்டுக்குள் வரவில்லை, சுண்ணாம்பைப் பிடிக்கும் கண்ணாடி சிலிக்கா அதில் இருப்பதால் வந்தது. தோல் கசடில் அது இல்லை. இருப்பதெல்லாம் வேண்டாதவை: கொழுப்பும் மயிரும் சவ்வும் கலந்த உயிர்ப்பொருள், அது சிமென்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். தோலோடு வந்த உப்பு, அது கம்பியைத் தின்னும். மயிர் நீக்கப் போட்ட சல்ஃபைடு. அப்புறம் குரோமியம். பதனிடப் பயன்படுவது மூன்று வேலன்சி குரோமியம், அது அவ்வளவு கொடியதல்ல. ஆனால் கசடைக் காற்றுப்படச் சூடாக்கினாலோ சுட்டாலோ, சுண்ணாம்பின் துணையோடு அது ஆறு வேலன்சி குரோமியமாக மாறலாம். அது நீரில் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990-களில் மூடிய குரோமேட் ஆலை ஒன்று விட்டுப்போன கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல். அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் மஞ்சளாகிப்போன கதை மைத்துனருக்கே தெரிந்திருக்கும். 2006-ல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியல் ஒன்றில் ராணிப்பேட்டை பெயர் வந்தது. அதைக் கல்லாய் அறுத்து வீட்டுச் சுவரில் வைக்க யாருக்குத் தைரியம் வரும்?

குரோமியத்துக்கும் சிமென்ட்டுக்கும் ஏற்கெனவே ஒரு சண்டை உண்டு. உங்கள் மேஸ்திரியின் கையைப் பாருங்கள், விரல் இடுக்கில் தோல் தடித்து வெடித்து அரிக்கிறதா? சிமென்ட்டில் இயல்பாகவே இருக்கும் துளி ஆறு வேலன்சி குரோமியம் அதற்கு ஒரு காரணம். ஐரோப்பாவில் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் நீரில் கரையும் குரோமியம் இருக்கும் சிமென்ட்டை விற்கத் தடை. அந்தத் துளிக்கே கை புண்ணாகிறது என்றால், வேண்டுமென்றே கசடைச் சேர்த்த கலவையைச் சித்தாள் வெறுங்கையால் எடுத்துப் போட்டால் என்ன ஆகும்?

ஆராய்ச்சிக்கூடங்களில் கசடைச் சிமென்ட்டில் அடைத்துக் கல்லாக்கிப் பார்ப்பது உண்டு, தவறில்லை. அதன் நோக்கம் நச்சைப் பூட்டி வைப்பது. சிமென்ட்டை மிச்சப்படுத்துவதோ வலு கூட்டுவதோ இல்லை. பூட்டு பிடித்ததா என்று கசிவுச் சோதனை செய்து, எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். குரோமியம் உள்ள தோல் கசடு 2016-ம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வரும், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாமல் ஒரு டிராக்டர் எடுத்தாலும் சிக்கல்.

நம் பக்கத்திலேயே கிடைக்கும் கழிவு வேண்டும் என்றால் வயலைப் பாருங்கள். ஆரணி அரிசி ஆலைக் கொதிகலனில் எரியும் உமியின் சாம்பலில் எண்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் சிலிக்கா, சரியாக எரித்தால் நிலக்கரிச் சாம்பலைவிடச் சுறுசுறுப்பு. ஆனால் 'சரியாக' என்ற வார்த்தையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சுமார் 700 டிகிரியைத் தாண்டினால் சிலிக்கா படிகமாகி உறங்கிவிடும், குறைந்தால் கரி மிஞ்சிக் கருப்பாகும். ஆலைக் கொதிகலனுக்கு நெல் அவிக்க நீராவி வேண்டும், சாம்பலின் தரத்தைப் பற்றி அதற்கென்ன கவலை. அம்முண்டி சர்க்கரை ஆலை மாதிரி இடங்களில் கரும்புச் சக்கைச் சாம்பலும் அப்படித்தான், சலித்து அரைத்தால் நல்ல பொருள், அள்ளியபடி போட்டால் குப்பை. ஒரு விவசாயி உமிச்சாம்பலை அப்படியே பூச்சுக் கலவையில் கலந்து, சுவர் ஆறு மாதத்தில் பொரிந்து விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். இவற்றுக்கு நல்ல காலம் வரும். உங்கள் தளத்துக்கு அடுத்த மாதம் வராது.

கணக்கு ஒன்று பார்ப்போம், சுவாரசியத்துக்கு. 1000 சதுர அடித் தளம், ஐந்து அங்குலக் கனம் என்றால் ஏறக்குறைய 11.8 கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு 320 கிலோ சிமென்ட் என்றால் ஏறக்குறைய 76 மூட்டை. 30 சதவீதம் சாம்பல் என்றால் அந்த 76 மூட்டைக்குள் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல் சாம்பல் போகிறது. அந்த ஒரு டன் சாம்பலுக்குப் பதில், சுண்ணாம்புக் கல்லை 1450 டிகிரியில் சுட்டு, அரைத்தால் சிமென்ட்டாகும் கிளிங்கரைத் தயாரித்திருந்தால் ஏறக்குறைய 0.85 டன் கார்பன் டை ஆக்சைடு வானத்துக்குப் போயிருக்கும். உங்கள் ஒரு தளத்தில் அவ்வளவு. அதை ஊருக்குச் சொல்லிப் பெருமைப்படலாம், ஆனால் அதற்காக மட்டும் யாரும் சிமென்ட் வாங்க மாட்டார்கள். தாங்குமா என்பதுதான் கேள்வி, தாங்கும்.

தளம் போடும் நாளில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மூட்டைக்கு எத்தனை தண்ணீர் விடுகிறார்கள் என்பதை நின்று எண்ணுங்கள். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர், அதற்கு மேல் போனால் நீர்-சிமென்ட் விகிதம் 0.5-ஐத் தாண்டிவிடும். எம் சாண்ட் ஈரமாக இருந்தால் அதற்கும் கழித்துக்கொள்ள வேண்டும். கலவை ஓடவில்லை, இன்னும் ஒரு குடம் விடு என்று குரல் வரும், வரட்டும். சாம்பலின் உருண்டைத் துகள்கள் கலவையைத் தானாகவே வழுக்கலாக்கும், பி.பி.சி.க்கு அந்த உபரிக் குடம் தேவையே படாது. ரெடிமிக்ஸ் என்றால் லாரி வந்து நிற்கும் போது ஓட்டுநர் குழாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரியோடு சண்டை போட வேண்டாம். சென்ட்ரிங் வாடகை 14 நாளுக்கு உங்கள் கணக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், டேங்கர் செலவும் அப்படியே. சாக்கு முப்பது வாங்கி வையுங்கள். அப்புறம் சாம்பல் சிமிட்டி பற்றி அவர் பேசவே மாட்டார்.